நிறத்தால் நிறுக்கும் புரதம்

நாற்பது வயதைத் தாண்டியவர் ஒருவராவது இருக்கும் வீட்டில் இன்று லேப் ரிப்போர்ட்டுகள் அடங்கிய ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கட்டாயம் இருக்கிறது. சொந்த ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்து வைத்துக்கொள்ளும் நம்மைப் போன்ற குடும்பங்களில் அது இரண்டு மூன்று ஃபைலாகவே ஆகிவிடுகிறது. சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் இருக்கும் பக்கத்தை எல்லோரும் தேடிப் பார்ப்பார்கள். ஈரல் பரிசோதனை என்று வரும் பக்கத்தில், யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத மூன்று வரிகள் இருக்கும். மொத்தப் புரதம் 7.1, ஆல்புமின் 4.2, குளோபுலின் 2.9. நூறு மில்லிலிட்டருக்கு இத்தனை கிராம் என்பது கணக்கு.

இந்த 7.1 எங்கிருந்து வந்தது? உங்கள் ரத்தத்திலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து யாரும் தராசில் வைத்து நிறுக்கவில்லை. ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் சீரத்தில் கொஞ்சம் எடுத்து, ஒரு நீலநிறக் கரைசலில் சேர்த்தார்கள். அது கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. எவ்வளவு மாறியது என்று ஓர் இயந்திரம் பார்த்துச் சொன்னது. ஆல்புமின் எண் வந்தது வேறொரு சாயத்தின் நிறமாற்றத்திலிருந்து. குளோபுலினையோ யாரும் அளக்கவே இல்லை, 7.1-லிருந்து 4.2-ஐக் கழித்துப் போட்டுவிட்டார்கள்.

"நிறத்தைப் பார்த்தா சார் இவ்வளவும் முடிவு பண்றாங்க?" என்று நம் சங்கத்து நண்பர்கள் சிலர் என்னிடம் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். ஆமாம், நிறத்தைப் பார்த்துத்தான். ஆஸ்பத்திரி லேபில் மட்டுமல்ல, தடுப்பூசி செய்யும் இடத்திலும், ஆராய்ச்சிக் கூடங்களிலும் ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு என்ற கேள்விக்குப் பெரும்பாலும் நிறம்தான் பதில் சொல்கிறது. ஆனால் இந்தச் சோதனைகள் ஒவ்வொன்றும் புரதத்தின் ஒவ்வொரு அம்சத்தை மட்டுமே பார்க்கின்றன. எது எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால், கையில் இருக்கும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் விளங்கிவிடும்.

முதலில், ஏன் நேரடியாக நிறுக்க முடியாது? சீரத்தைக் காயவைத்தால் புரதத்தோடு உப்பு, சர்க்கரை, கொழுப்பு, யூரியா எல்லாமும் சேர்ந்து மிஞ்சும். ஆகவே புரதத்துக்கே உரிய ஏதாவது ஓர் அடையாளத்தைப் பிடிக்க வேண்டும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த யோஹான் கெல்டால் 1883-ல் பிடித்த அடையாளம் நைட்ரஜன். (நம் கல்லூரிகளில் இவரை ஜெல்டால் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.) மாவுச்சத்திலும் கொழுப்பிலும் நைட்ரஜன் கிடையாது, புரதத்தில் எடைக்கு ஏறத்தாழ 16 சதவீதம் உண்டு. பொருளைக் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து, அதன் நைட்ரஜன் முழுவதையும் அம்மோனியாவாக்கி அளந்து, 6.25-ஆல் பெருக்கினால் புரதம். பாலுக்கு 6.38. தானியத்திலும் பாலிலும் புரதம் அளக்க இன்றைக்கும் இதுதான் அடிப்படை முறை.

இதில் ஓர் ஓட்டை உண்டு. முறை எண்ணுவது நைட்ரஜனை. அந்த நைட்ரஜன் புரதத்திலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று அதற்குத் தெரியாது. 2008-ல் சீனாவில் நடந்தது நினைவிருக்கும். தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைந்தது தெரியாமலிருக்க மெலமைனைக் கலந்தார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் இந்த ரசாயனத்தில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைன் போட்டால் நாலு கிராமுக்கு மேல் புரதம் இருப்பதுபோலக் கணக்கு காட்டும். அந்தப் பால்பவுடரைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் கல் சேர்ந்தது. ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. இந்தியா அதே ஆண்டு சீனப் பால் பொருள்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. மெலமைனைக் கண்டுபிடிக்க முடியாமல் இல்லை. நைட்ரஜன் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள். அதற்குச் சரியான விடைதான் கிடைத்தது.

நிறச் சோதனைகள் மெலமைனிடம் இப்படி ஏமாறா. ஏன் என்று பார்க்கப் புரதத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கோயில் வாசலில் கட்டித் தரும் கதம்பச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து, சாமந்தி என்று பல பூக்கள், ஒவ்வொன்றையும் அடுத்ததோடு சேர்க்க ஒரு முடிச்சு. புரதமும் அப்படித்தான். பூக்களுக்குப் பதில் இருபது வகை அமினோ அமிலங்கள். முடிச்சுக்குப் பெப்டைட் பிணைப்பு என்று பெயர். எந்தப் புரதமானாலும் முடிச்சு ஒரே மாதிரி. பூக்களின் கலவை மட்டும் புரதத்துக்குப் புரதம் மாறும்.

நம் ரிப்போர்ட்டில் இருந்த 7.1, முடிச்சுகளை எண்ணி வந்தது. பையூரெட் சோதனை என்று இதற்குப் பெயர். பன்னிரண்டாம் வகுப்பில் சயின்ஸ் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சி.பி.எஸ்.இ. கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் முட்டை வெள்ளைக்கருவை வைத்துச் செய்திருப்பான் அல்லது செய்திருப்பாள். காரம் கலந்த கரைசலில் மயில்துத்தம் சேர்த்தால், அதிலுள்ள தாமிர அயனி முடிச்சுகளின் நைட்ரஜன்களோடு ஒட்டிக்கொள்ளும். உடனே நீலம் மாறிக் கத்தரிப்பூ நிறம் வரும். 1833-லேயே ஃபெர்டினாண்ட் ரோஸ் என்பவர் இதைப் பார்த்திருக்கிறார். பையூரெட் என்பது புரதமே அல்ல. யூரியாவைச் சூடாக்கினால் கிடைக்கும் ஒரு சிறு பொருள். அதற்கும் தாமிரத்தோடு இதே நிறம் வருவதால் சோதனைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி: வெறும் காரத்தில் மயில்துத்தம் போட்டால் தயிர் திரிந்தாற்போல நீலமாகப் படிந்துவிடுமே, லேபில் எப்படித் தெளிவாக நிற்கிறது? அதற்காகத்தான் சோடியம் பொட்டாசியம் டார்டரேட் என்ற உப்பைக் கூடவே சேர்க்கிறார்கள். அது தாமிரத்தை மெதுவாகப் பிடித்து வைத்துக்கொண்டு, புரதம் வந்ததும் விட்டுக்கொடுக்கும். 1949-ல் கனடாவின் டொரான்டோவில் கோர்னாலும் அவருடைய இரு சகாக்களும் இந்தக் கலவையைச் சீராக்கிக் கொடுத்தார்கள். உலகெங்கும் மருத்துவ லேப்களில் சீரத்தின் மொத்தப் புரதம் இன்றும் இந்தக் குடும்பத்துக் கரைசலால்தான் பார்க்கப்படுகிறது. தனி அமினோ அமிலத்துக்கு முடிச்சு கிடையாது, அதனால் நிறம் வராது. மெலமைனுக்கும் முடிச்சு இல்லை, அதற்கும் வராது.

சரி, நிறம் வந்துவிட்டது. அதை எப்படி எண்ணாக்குவது? ஃபில்டர் காபி போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரே அளவு பால் ஊற்றிய ஐந்து டம்ளர்களை வரிசையாக வையுங்கள். முதல் டம்ளரில் டிகாஷன் கிடையாது. அடுத்ததில் ஒரு ஸ்பூன், பிறகு இரண்டு, மூன்று, நான்கு. இப்போது அதே அளவு பாலில் யாரோ கலந்துவைத்த ஓர் ஆறாவது டம்ளரைக் கொண்டு வந்து, "இதுல எத்தனை ஸ்பூன் போட்டிருக்கு?" என்று கேட்டால் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் என்றால் இரண்டரை. டிகாஷன் இல்லாத டம்ளரை லேபில் பிளாங்க் என்பார்கள். அளவு தெரிந்த டம்ளர்களுக்கு ஸ்டாண்டர்டு என்று பெயர்.

கண்ணுக்குப் பதில் லேபில் கலரிமீட்டர் இருக்கிறது. கத்தரிப்பூ நிறக் கரைசல் பச்சை ஒளியைத்தான் விழுங்குகிறது. ஆகவே 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை அதன் வழியே அனுப்பி, எவ்வளவு விழுங்கப்பட்டது என்று பார்ப்பார்கள். லேப்காரர்கள் பேச்சில் இந்த எண்ணுக்கு ஓ.டி. என்று பெயர். பொருள் இரண்டு மடங்கானால் ஓ.டி.யும் இரண்டு மடங்காகும் என்பது பீர்-லாம்பர்ட் விதி. இந்த பீர் ஆகஸ்ட் பீர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, கார்ல்ஸ்பெர்க் பீருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 6 கிராம் புரதமுள்ள ஸ்டாண்டர்டு 0.300 காட்டுகிறது. நம் சீரம் 0.355 காட்டுகிறது. 0.355-ஐ 0.300-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்கினால் 7.1. ரிப்போர்ட்டில் இருந்த எண் இப்படித்தான் பிறந்தது.

காபி உதாரணத்தில் இன்னும் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. பத்து ஸ்பூன் டிகாஷனுக்கும் பன்னிரண்டு ஸ்பூனுக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. லேபிலும் அதே கதைதான். நிறம் மிகக் கெட்டியாகிவிட்டால் மீட்டரும் குழம்பும். மாதிரியைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து மறுபடி பார்த்து, விடையை அத்தனை மடங்கு பெருக்க வேண்டும். இரண்டாவது சங்கதிதான் முக்கியம். ஸ்டாண்டர்டு டம்ளர்களில் சுத்தக் காபி, ஆறாவது டம்ளரில் சிக்கரி கலந்த காபி என்றால் என்ன ஆகும்? சிக்கரி நிறத்தைத் தூக்கிக் கொடுக்கும். நீங்கள் ஏமாந்துபோவீர்கள். அடுத்து வரும் இரண்டு பிரபலமான சோதனைகளின் வரலாறே இந்தச் சிக்கரியோடு போட்ட மல்லுக்கட்டுதான்.

பையூரெட்டின் குறை, அதற்கு நிறையப் புரதம் வேண்டும். சீரத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 60 முதல் 80 மில்லிகிராம் இருப்பதால் கவலையில்லை. ஆனால் ஈஸ்டிலிருந்தோ ஈரலிலிருந்தோ ஓர் என்சைமைப் படிப்படியாகச் சுத்தம் செய்து கொண்டுவரும் ஆராய்ச்சியாளரிடம் கடைசியில் மிஞ்சுவது சில மைக்ரோகிராம்தான். அதைப் பையூரெட்டில் போட்டால் நிறமே தெரியாது. அளப்பதற்கே சரக்கு தீர்ந்துவிட்டால் ஆராய்ச்சிக்கு எதை வைத்துக்கொள்வது?

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லௌரி இதற்கு ஒரு வழி செய்தார். 1927-ல் ஃபோலின், சியோகால்ட்டு என்ற இருவர் மாலிப்டினமும் டங்ஸ்டனும் கலந்த ஒரு மஞ்சள் கரைசலைத் தயாரித்திருந்தார்கள். டைரோசின், டிரிப்டோஃபேன் என்ற இரண்டு அமினோ அமிலங்களைக் கண்டால் அது நீலமாகும். லௌரி முதலில் தாமிரத்தை முடிச்சுகளில் ஒட்டவிட்டு, பிறகு இந்தக் கரைசலைச் சேர்த்தார். நீலம் பல மடங்கு கூடியது. பையூரெட்டைவிட நூறு மடங்கு நுட்பமான சோதனை கிடைத்தது. மூன்று உடன் ஆசிரியர்களோடு 1951-ல் வெளியிட்ட அந்தக் கட்டுரையைப் பிற்பாடு மற்ற விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளில் மூன்று லட்சம் தடவைக்கு மேல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். 2014-ல் நேச்சர் இதழ் எல்லாத் துறைகளையும் சேர்த்து எடுத்த கணக்கில் அதற்குத்தான் முதலிடம். ஐன்ஸ்டைனும் அல்ல, மரபணுவின் வடிவத்தைக் கண்டவர்களும் அல்ல. புரதம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்தான் முதலில் நிற்கிறார். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ரசம் வைக்கிறவர், விருந்து வைக்கிறவர் எல்லோருக்கும் முதலில் உப்பின் அளவு தெரிய வேண்டுமே.

லௌரி முறையைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கொஞ்சம் பிகு பண்ணும் சோதனை. தாமிரக் கரைசல் போட்டுப் பத்து நிமிஷம். பிறகு ஃபோலின் கரைசல் விட்ட கையோடு, அந்த நொடியிலேயே கலக்கியாக வேண்டும். ஏனென்றால் அந்தக் கரைசல் காரத்தில் நீடிக்காது, சில விநாடிகளில் வீரியம் போய்விடும். அப்புறம் அரை மணி காத்திருப்பு. முப்பது குழாய் இருந்தால் முதல் குழாய்க்கும் கடைசிக் குழாய்க்கும் ஒரே இடைவெளி கொடுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அதோடு சிக்கரித் தொல்லையும் சொல்லி முடியாது. லேபில் தினமும் புழங்கும் டிரிஸ் என்ற பஃபர், சோப்புச் சரக்குகள், கந்தகம் கொண்ட சில பொருள்கள் எல்லாமே நிறத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும்.

கதம்பத்துக்குத் திரும்பி வருவோம். பையூரெட் முடிச்சுகளை எண்ணுகிறது. லௌரி முடிச்சையும் பார்க்கிறது, கனகாம்பரத்தையும் பார்க்கிறது. டைரோசினும் டிரிப்டோஃபேனும் இங்கே கனகாம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கனகாம்பரமே இல்லாத சரத்தை என்ன செய்யும்? ஜெலட்டின் அப்படி ஒரு புரதம். மாத்திரைக் கேப்சூலின் உறை பெரும்பாலும் அதுதான். அதில் டிரிப்டோஃபேன் அறவே கிடையாது, டைரோசின் மிகச் சொற்பம். ஒரே எடையுள்ள ஆல்புமினும் ஜெலட்டினும் லௌரியில் ஒரே நீலத்தைத் தரமாட்டா.

அடுத்து வந்தது பிராட்ஃபோர்டு சோதனை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மரியன் பிராட்ஃபோர்டு 1976-ல் வெளியிட்டது. இதில் தாமிரமும் இல்லை காரமும் இல்லை, ஒரே ஒரு சாயம்தான். கூமாசி பிரில்லியண்ட் புளூ ஜி-250 என்று பெயர். இந்தப் பெயரின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. இன்றைய கானா நாட்டின் குமாசி நகரம்தான் அசாந்தி அரசின் தலைநகரம். 1896-ல் ஆங்கிலேயப் படை அதைக் கைப்பற்றியது. அந்த வெற்றிச் செய்தி இங்கிலாந்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட காலத்தில், மான்செஸ்டர் பக்கத்துச் சாயக் கம்பெனி ஒன்று தன் கம்பளிச் சாய வரிசைக்கு அந்த ஊரின் பெயரைச் சூட்டிவிட்டது. பிடிபட்ட ஓர் ஊரின் பெயர், நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், உலகத்து லேப்களின் அலமாரிகளில் பாட்டில் பாட்டிலாக உட்கார்ந்திருக்கிறது.

கம்பளிக்கு என்று செய்த சாயம் ஏன் புரதத்தைப் பிடிக்கிறது? கம்பளியே புரதம்தானே! பட்டும் புரதம். இந்த வகை அமிலச் சாயங்கள் பட்டிலும் கம்பளியிலும் அழுத்தமாகப் பிடிக்கும், பருத்தியில் பிடிக்காது; பருத்தி புரதமல்ல, செல்லுலோஸ். பட்டுப் புடவைக்கும் சுங்குடிச் சேலைக்கும் வேறு வேறு சாயம் வேண்டியிருப்பதன் ரகசியமே இதுதான். கையுறை போடாமல் கூமாசியைத் தொட்டால் விரலில் நீலம் ஏறி இரண்டு மூன்று நாள் போகாது. தோலும் புரதமாயிற்றே.

அமிலத்தில் கரைத்து வைத்தால் கூமாசி பழுப்பு நிறமாக இருக்கும். புரதம் வந்ததும் அதில் ஒட்டிக்கொண்டு நீலமாகும். ஒளியை அதிகம் விழுங்கும் இடம் 465 நானோமீட்டரிலிருந்து 595-க்கு நகர்கிறது. வேலை இரண்டே நிமிஷம், நிறம் ஒரு மணி நேரம் வரை நிற்கும். லௌரியின் கடிகாரத் தொல்லையோடு மல்லாடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நேச்சர் இதழின் அதே பட்டியலில் பிராட்ஃபோர்டு கட்டுரைக்கு மூன்றாமிடம். இரண்டாமிடம் 1970-ல் லெம்லி எழுதிய, புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரிக்கும் முறைக்கு. அந்த ஜெல்லில் புரதப் பட்டைகள் கண்ணுக்குத் தெரியப் பெரும்பாலும் ஊற்றுவதும் கூமாசிதான்.

ஆனால் இதுவும் ஒரு பூவைப் பார்த்துத்தான் கணக்குச் சொல்கிறது. கூமாசி முக்கியமாக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தில் போய் ஒட்டும். நம் கதம்பத்தில் அது மரிக்கொழுந்து. சரத்துக்குச் சரம் மரிக்கொழுந்து கூடும், குறையும். வழக்கமாக ஸ்டாண்டர்டாக வைப்பது மாட்டுச் சீரத்து ஆல்புமினை. விலை மலிவு, எங்கும் கிடைக்கும். வம்பு என்னவென்றால், பிராட்ஃபோர்டில் இந்த ஆல்புமின் வழக்கத்துக்கு மேல் அதிக நீலம் காட்டும் புரதம். ஆன்டிபாடி எனப்படும் இம்யூனோகுளோபுலின் அதே எடைக்கு ஏறத்தாழப் பாதி நீலம்தான் தரும். ஆகவே ஆல்புமினை ஸ்டாண்டர்டாக வைத்து ஆன்டிபாடியை அளந்தால், உண்மையில் பத்து மில்லிகிராம் இருக்கும் குப்பியில் ஐந்துதான் இருப்பதாகக் கணக்கு வரும். இயந்திரத்தில் பழுதில்லை, கையிலும் பிசகில்லை, எண் மட்டும் பாதி. ஆன்டிபாடியை ஆன்டிபாடியோடுதான் ஒப்பிட வேண்டும். சோப்புச் சரக்கு அதிகம் கலந்த கரைசலில் பிராட்ஃபோர்டு நம்பத்தக்கதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோப்பு தானே சாயத்தை நீலமாக்கிவிடும்.

சோப்புப் பிரச்சினைக்கு 1985-ல் அமெரிக்காவின் பியர்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஸ்மித் குழுவினர் வழி கண்டார்கள். பி.சி.ஏ. சோதனை. மறுபடியும் தாமிரம்தான். காரத்தில் புரதம் தாமிரத்தை ஒரு படி கீழே இறக்கும். இறங்கிய தாமிரத்தை பைசின்கோனினிக் அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகள் இருபுறமும் பிடித்துக்கொள்ளும். ஆப்பிள் பச்சையாக இருந்த கரைசல் ஊதாவாகும். சோப்பு இருந்தாலும் பரவாயில்லை. குளுக்கோஸ் இருந்தால்தான் வம்பு, அதுவும் தாமிரத்தை இறக்கிவிடும். எல்லாச் சிக்கரிக்கும் தப்பிய சோதனை இதுவரை வரவில்லை.

இனி நம் ஃபைலைத் திறக்கலாம். ஆல்புமினுக்கு லேபில் பயன்படுவது புரோமோகிரெசால் கிரீன் என்ற சாயம். இலேசான அமிலத்தில் மஞ்சளாக நிற்கும் இது ஆல்புமினோடு சேர்ந்ததும் நீலப் பச்சையாகும். சில லேப்களில் இதன் தம்பியான புரோமோகிரெசால் பர்ப்பிளைப் பயன்படுத்துகிறார்கள். கிரீன் சாயம் கொஞ்சம் தாராளம். ஆல்புமினோடு நிற்காமல் சில குளோபுலின்களோடும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆல்புமின் உண்மையிலேயே குறைந்திருக்கும் சிறுநீரக நோயாளிகளில் அது கூடுதலாகக் காட்டும். அரை கிராம் வரைகூட இரண்டு சாயங்களுக்கும் வித்தியாசம் வருவதுண்டு.

இது நம்மைப் போன்றவர்களுக்கு ஏன் முக்கியம் என்றால், அப்பாவுக்குத் திருச்சியில் எடுத்த ரிப்போர்ட் 3.6 என்கிறது, இங்கே வந்து ஒரு மாதம் கழித்து எடுத்தது 3.1 என்கிறது. "இங்க வந்து இளைச்சுட்டாரோ, சாப்பாடு ஒத்துக்கலையோ" என்று அம்மா கலங்குகிறார். மருமகளுக்கு மனசு சங்கடம். ஒருவேளை உண்மையாகவே குறைந்திருக்கலாம், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் முறையின் பெயரைப் பாருங்கள். ஒன்றில் பி.சி.ஜி., இன்னொன்றில் பி.சி.பி. என்றிருந்தால் இரண்டும் வேறு சாயம் சொன்ன கணக்கு. நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ரத்தம் எடுத்தபோது படுத்திருந்தாரா, வெகுநேரம் நின்றிருந்தாரா என்பதும் கணக்கில் வரும். நிற்கும்போது ரத்த நீர் கொஞ்சம் கால்பக்கத் திசுக்களுக்கு இறங்கிவிடுவதால், மிச்சமுள்ள ரத்தத்தில் புரதத்தின் செறிவு பத்து சதவீதம் வரை கூடிக் காட்டும். தொடர்ந்து கவனிக்க வேண்டியவர்களுக்கு ஒரே லேபில் எடுப்பதுதான் நல்லது.

சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் பட்டைக் காகிதமும் நிறச் சோதனைதான். இதன் வேர் மறுபடியும் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்துக்கே போகிறது. கெல்டாலுக்குப் பின் அங்கே தலைமை ஏற்ற சோரென்சென் 1909-ல் அமில, கார அளவுக்கு பி.எச். என்ற கணக்கைக் கொடுத்தவர். சாயத்தை வைத்து பி.எச். பார்க்கும்போது கரைசலில் புரதம் இருந்தால் சாயம் தப்பான நிறம் காட்டுகிறது என்று அவர் எச்சரித்தார். அந்தத் தப்பையே பிறகு மருத்துவத்தில் பயனாக்கிக்கொண்டார்கள். பட்டையில் சாயத்தோடு அமிலமும் சேர்த்து, பி.எச். 3-ல் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். சாயம் மஞ்சளாக இருக்க வேண்டிய இடம் அது. ஆல்புமின் வந்தால் பி.எச். மாறாமலே சாயம் பச்சையாகும், அதிகமிருந்தால் நீலமாகும். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள், பெரும்பாலும் ஒரு நிமிஷத்தில், நிறம் பார்த்துவிட வேண்டும். கர்ப்பிணிப் பெண்களுக்கு ரத்த அழுத்தத்தோடு கூடவே இதையும் பார்ப்பது வழக்கம், நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

பட்டை கண்டுபிடிப்பது நூறு மில்லிலிட்டரில் 15 முதல் 30 மில்லிகிராம் வரையாவது இருந்தால்தான். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தொட ஆரம்பிக்கும்போது ஆல்புமின் அதைவிடக் குறைவாகவே கசியும். அதனால்தான் டாக்டர் பட்டையோடு விடாமல் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் என்று தனியாக எழுதிக் கொடுக்கிறார். தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுக் கொடுத்த சிறுநீரில் புரதம் நீர்த்துப்போய் பட்டைக்குத் தெரியாது. கிரியாட்டினினோடு சேர்த்து விகிதமாகப் பார்த்தால் அந்த மோசம் இல்லை. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் போனால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த விகிதத்துக்கான ஆல்புமினை அளப்பது வழக்கமாக நிறமல்ல, ஆன்டிபாடி உண்டாக்கும் கலங்கல். இன்னொரு பக்கம், சிறுநீர் மிகக் காரமாக இருந்தால் பட்டையிலுள்ள அமிலம் தோற்றுப்போய், புரதமே இல்லாமல் பச்சை வரும்.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது வேறொன்று. பட்டை ஆல்புமினைத்தான் நன்றாகப் பார்க்கிறது. மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் சிறுநீரில் வருவது ஆல்புமின் அல்ல, ஆன்டிபாடியின் உடைந்த துண்டுபோன்ற சிறு சங்கிலிகள். லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவர் 1840-களில் விவரித்ததால் அவருடைய பெயரால் வழங்குகின்றன. இவை கணிசமாகப் போய்க்கொண்டிருந்தாலும் பட்டை மஞ்சளாகவே நிற்கக் கூடும். "யூரின்ல புரோட்டீன் இல்லையாமே, நல்லதாப் போச்சு" என்று ஃபைலை மூடிவிடுவோம். வயதானவருக்குத் தீராத முதுகு வலி, ரத்தசோகை, கூடவே ரத்த ரிப்போர்ட்டில் மொத்தப் புரதத்துக்கும் ஆல்புமினுக்கும் உள்ள இடைவெளி அதிகம் என்றிருந்தால் டாக்டர்கள் பட்டையை நம்பி நிற்பதில்லை. யாரும் அளக்காமல் கழித்துப் போட்டார்கள் என்று முதலில் சொன்னோமே, அந்தக் குளோபுலின் வரிதான் இங்கே பலமுறை முதல் தடயம். அடுத்து அவர்கள் எழுதிக் கொடுக்கும் பரிசோதனைகளில் ஒன்று எலக்ட்ரோஃபோரிசிஸ். சீரத்தையோ சிறுநீரையோ ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் புரதங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். ஒரே புரதம் அளவுக்கு மீறிச் சுரந்தால் குறுகலாக, அழுத்தமாக ஒரு கோடு விழும். புரதத்துக்கு நிறமில்லாததால் அந்தக் கோடு அப்படியே கண்ணுக்குத் தெரியாது. மேலே சாயம் ஊற்றிக் கழுவிய பிறகுதான் தெரியும்.